‘எல்லாம் முடிந்தது’ என்று ஷெல் சொன்னால் நம்பலாமா?

போன வருடம் நான் எழுதிய ஒரு குறிப்பில் ஒரு தப்பு இருந்தது. அதைத் திருத்துவதற்காகத்தான் இந்தப் பதிவு. தப்புக்குக் காரணம் நான் எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அதனால் பதிவு விவசாயத்தில் ஆரம்பித்து லினக்ஸில் போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீரபாண்டியில் என் பெரியப்பா வீட்டுப் பரணில் பதினான்கு நோட்டுகள் இருந்தன. நாற்றங்கால் போட்ட நாள், வயலுக்குத் தண்ணீர் வந்த நாள், கதிர் அறுத்த நாள், ஆள் கூலி என்று அவர் வருடக்கணக்கில் எழுதி வைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம். முல்லைப் பெரியாறு அணையில் போதிய தண்ணீர் இருந்தால் ஜூன் 1-ம் தேதி முதல் போகத்துக்குத் திறந்துவிடுவது வழக்கம். அந்த வழக்கம் எந்தெந்த வருடம் எப்படி நடந்தது என்பதை ஒரு விவசாயியின் கையெழுத்தில் பார்க்க முடிந்தால் நல்லதுதானே? அதுவும் 1979-ல் அணையின் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்குக் குறைத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரே வயலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று வரிசையாகப் பார்ப்பதுதான் என் ஆசை.

ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது, கௌமாரியம்மன் கோயில் பக்கம் கூட்டம் போய்க்கொண்டிருக்க, நான் மொட்டை மாடியில் உட்கார்ந்து 612 பக்கங்களையும் போனில் படம் எடுத்தேன். பெங்களூர் வந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லாப் படங்களையும் நிமிர்த்தி, வெளிச்சம் சரி செய்து, அளவைக் குறைத்து ஒரு வட்டில் சேமித்தேன். ஸ்கிரிப்ட் கடைசியில் ‘எல்லாம் முடிந்தது’ என்று காட்டிவிட்டு, தானே அசல் படங்களை அழித்தது. நானும் போனில் இருந்ததை அழித்தேன். பெரியப்பாவிடம் ‘எல்லாம் பத்திரமா ஏறிடுச்சு’ என்று போனில் சொன்னேன்.

பிறகு எழுதிய குறிப்பில், ‘எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் இரண்டாம் போகத்துக்குப் பதிவே இல்லை, அந்தப் போகம் நடக்காமல் போயிருக்கலாம்’ என்று போட்டிருந்தேன். அண்ணன் மகள் அதைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரியே போன்.

“ஏப்பா, நான் எழுதாம விட்டேன்னா போட்டிருக்க? அந்த வருசம் ரெண்டு போகமும் வெளஞ்சுச்சுப்பா. நல்லாப் பாரு.”

“நோட்ட ஒரு தடவ பார்த்துச் சொல்ல முடியுமா பெரியப்பா?”

“அது எங்க இருக்கு? மழையில பரண் ஒழுகி, கரையான் ஏறிப்போச்சு. நீதான் போட்டோ இருக்குன்னியே, அதான் தூக்கிப் போடச் சொல்லிட்டேன்.”

வட்டில் எண்ணிப் பார்த்தேன். 612 இருக்க வேண்டிய இடத்தில் 593 படங்கள். அதிலும் நான்கு படங்களில் மேல் பாதிதான் தெரிந்தது, கீழே வெறும் சாம்பல் நிறம். ஆக 23 பக்கங்கள் போச்சு. பெரியப்பா எழுதாமல் விடவில்லை. என் ஸ்கிரிப்ட் தொலைத்தது.

நான் என்ன எழுதியிருந்தேன்

(இங்கே கட்டளைகளின் பெயரை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

ஸ்கிரிப்ட் எளிமையானது. நாற்பது நாற்பது படங்களாக எடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் இமேஜ்மேஜிக்கின் கன்வர்ட் கட்டளையை, கடைசியில் & குறி போட்டு, பின்னணியில் அனுப்பும். பிறகு ‘வெயிட்’ என்று ஒரு வரி. நாற்பதும் முடிந்ததும் அடுத்த நாற்பது. எல்லாம் தீர்ந்தபின், கடைசி வெயிட்டின் முடிவு $? சுழியமா என்று பார்த்து, சுழியம் என்றால் ‘எல்லாம் முடிந்தது’ என்று எழுதி அசலை அழிக்கும். பிழைச் செய்திகள் திரையை நிரப்பக் கூடாது என்று அவற்றை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டிருந்தேன்.

பார்த்தால் ஜாக்கிரதையாக எழுதிய மாதிரிதான் இருக்கிறது. முடிவைச் சோதித்த பிறகுதானே அழிக்கிறது! ஆனால் அந்தச் சோதனை எதையுமே சோதிக்கவில்லை.

அந்த லாக் கோப்பை ஒன்பது மாதம் கழித்து முதல் தடவையாகத் திறந்தேன். அதில் 23 வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி எண், ஒரு புராசஸ் எண், பக்கத்தில் ‘கொல்லப்பட்டது’ என்ற பொருளில் ஒரு சொல்.

சரி, யார் கொன்றது? திருவிழாவில் எடுத்த வேறு படங்கள் கைவசம் இருந்தன. அவற்றை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினேன். அழிக்கும் வரியை மட்டும் தூக்கிவிட்டேன். அதே மாதிரி சில படங்கள் காணாமல் போயின. டிமெசெக் கட்டளை மூலம் கர்னலின் பதிவைப் பார்த்தால் விஷயம் வெளிச்சம். போன் எடுக்கும் பெரிய படம் ஒன்றை நினைவகத்தில் விரித்தால் நூறு எம்பிக்கு மேல் பிடிக்கும். நாற்பதை ஒரே நேரத்தில் விரித்தால் என் பழைய லேப்டாப் தாங்காது. நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸ் கர்னல் தானே ஒரு புராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும். இதற்குப் பெயர் ஓஓஎம் கில்லர். எழுத ஆரம்பிக்கும் முன் கொல்லப்பட்ட 19 வேலைகளுக்குக் கோப்பே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கொல்லப்பட்ட நான்குக்குப் பாதிப் படம்.

கர்னல் செய்தது நியாயம். நாற்பதை ஒன்றாக ஏவியது என் தப்பு. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி: 23 பேர் செத்திருக்கும்போது ஷெல் ஏன் ‘எல்லாம் நலம்’ என்றது?

கடைக்குப் போன பிள்ளைகள்

யூனிக்ஸில் ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு தாய் உண்டு. நீங்கள் & போட்டு அனுப்பும் கட்டளை, ஷெல்லுக்குப் பிள்ளை. ஒரு வீட்டில் அம்மா நாலு பிள்ளைகளையும் நாலு கடைக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். பிள்ளைகள் போன பிறகு அம்மா தன் வேலையைப் பார்க்கிறார். இதுதான் பின்னணி வேலை.

ஒரு பிள்ளை திரும்பி வந்ததும் ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். 0 என்றால் ‘வாங்கிட்டேன்’. வேறு எந்த எண் என்றாலும் ஏதோ கோளாறு. இந்த எண்தான் எக்ஸிட் ஸ்டேட்டஸ். முக்கியமான விதி என்னவென்றால், அம்மா கேட்டால்தான் பிள்ளை சொல்லும். கேட்கும்வரை வாசலிலேயே நிற்கும். வேலை முடிந்தும், தாய் கேட்காததால் புராசஸ் பட்டியலில் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்தப் பிள்ளைக்குத்தான் லினக்ஸில் ‘ஜோம்பி’ என்று பெயர்.

இன்னொரு விதி: அம்மாவுக்கு மட்டும்தான் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் பதில் கிடையாது. வேறொரு டெர்மினலில் திறந்த ஷெல், உங்கள் பிள்ளையைப் பற்றி வெயிட் மூலம் கேட்டால், ‘இது என் பிள்ளையே இல்லை’ என்று 127 என்ற எண்ணோடு திரும்பும்.

& குறி 1970-களின் தொடக்கத்தில் கென் தாம்சன் எழுதிய யூனிக்ஸ் ஷெல்லிலேயே இருந்தது. 1979-ல் ஏழாம் யூனிக்ஸோடு வந்த ஸ்டீவ் போர்னின் ஷெல்லும் இந்த வழியைத் தொடர்ந்தது. வேலையை நிறுத்தி வைப்பது, முன்னுக்கு இழுப்பது, %1 %2 என்று எண் கொடுத்துக் கூப்பிடுவது போன்ற ஜாப் கண்ட்ரோல் வசதிகளை, ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த ஜிம் கல்ப் என்பவர் சி ஷெல்லுக்காக முதலில் செய்தார். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பேஷ் இவை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஆக, நாம் இன்றைக்கு அடிக்கும் வெயிட், ஜாப்ஸ் இரண்டும் ஒரே காலத்தில் ஒரே ஆள் யோசித்தவை இல்லை. வெயிட் ஸ்கிரிப்டுக்காக வந்தது. ஜாப்ஸ் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காக வந்தது. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பாதிக் குழப்பம்.

என் தப்பு: வெறும் வெயிட்

இந்தச் சின்னச் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு நொடி தூங்கிவிட்டு 3 என்ற எண்ணோடு வெளியேறும் துணை ஷெல் ஒன்றை & போட்டு அனுப்புங்கள். பிறகு வெறுமனே வெயிட் அடித்து $? என்ன என்று பாருங்கள். 0 என்று வரும்!

வெறும் வெயிட் என்பது, ‘எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு வந்தாச்சா?’ என்ற கேள்வி. வந்தாச்சு என்பதுதான் அதற்கு 0. யார் என்ன வாங்கி வந்தார்கள் என்று அது கேட்பதே இல்லை. இது பிழை இல்லை. போசிக்ஸ் தரத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இப்போது அதே பிள்ளையை அனுப்பிவிட்டு, உடனே $!-ஐ ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாகப் பின்னணிக்குப் போன புராசஸின் எண் அதுதான். பிறகு அந்த எண்ணைக் கொடுத்து வெயிட் அடியுங்கள். இப்போது $? 3 என்று வரும். பெயர் சொல்லிக் கேட்டால் பதில் வருகிறது. என் ஸ்கிரிப்டில் நான் பெயர் சொல்லிக் கேட்கவே இல்லை. அவ்வளவுதான்.

வரும் எண்ணைப் படிக்கும் முறை இது:

0 – வெற்றி.
1 முதல் 125 வரை – அந்த நிரல் தானே சொல்லும் கோளாறு. பொருள் நிரலுக்கு நிரல் மாறும்.
126 – கோப்பு இருக்கிறது, ஓட்ட முடியவில்லை.
127 – கட்டளையே கிடைக்கவில்லை. வெயிட்டிலிருந்து வந்தால், ‘இது என் பிள்ளை இல்லை’.
128-க்கு மேல் – சிக்னலால் செத்தது. 128-ஐக் கழித்தால் சிக்னல் எண்.

எனவே 137 என்றால் 9-ம் சிக்னல்: யாரோ கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் நினைவகப் பஞ்சம். 143 என்றால் 15: மரியாதையாக நிறுத்தச் சொன்னது. 139 என்றால் 11: நிரல் தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டது. 141 என்றால் 13: பைப்பின் மறுமுனையில் படிக்க ஆள் இல்லை. என் 23 வேலைகளும் 137 சொல்லக் காத்திருந்தன. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு கொசுறு: இந்த எண் 0 முதல் 255 வரைதான் போகும். 256 கொடுத்தால் மறுபடி 0 ஆகிவிடும். தோற்ற வேலைகளின் எண்ணிக்கையையே எக்ஸிட் எண்ணாகத் தரும் ஸ்கிரிப்டுகள் உண்டு. சரியாக 256 வேலை தோற்றால் அது ‘வெற்றி’ என்று அறிவிக்கும்.

மற்ற குழிகள்

என் தப்பைத் தேடப்போய், அதே ஊரில் இருக்கும் வேறு குழிகளையும் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றையும் சின்னச் சோதனை எழுதி உறுதி செய்துகொண்டேன்.

முதலாவது, $!-ஐத் தாமதமாக எடுப்பது. இரண்டு வேலையை அனுப்பிவிட்டு எடுத்தால் இரண்டாவது எண்தான் கிடைக்கும். அனுப்பிய அடுத்த வரியிலேயே எடுத்து வைக்கணும். $?-ம் அப்படித்தான். நடுவில் ஓர் எக்கோ போட்டாலே அது எக்கோவின் முடிவாக மாறிவிடும்.

இரண்டாவது, பைப். மூன்று கட்டளைகளைப் பைப்பில் கோத்துப் பின்னணிக்கு அனுப்பினால், $! கடைசிக் கட்டளையின் எண். முடிவும் கடைசிக் கட்டளையுடையது. முதல் ஆள் தோற்றாலும் கடைசி ஆள் நன்றாக முடித்தால் 0 வரும். பேஷில் பைப்ஃபெயில் என்ற அமைப்பை முன்னாலேயே போட்டுவிட்டால், நடுவில் யார் தோற்றாலும் தெரியும். 2024-ல் வந்த போசிக்ஸ் தரத்திலும் இது சேர்ந்துவிட்டது.

மூன்றாவது, பைப்புக்குப் பின்னால் வரும் வைல் சுழற்சி. இது ரொம்பப் பேரைக் கடித்த பாம்பு. கோப்புப் பட்டியலைப் பைப் வழியாக வைல் சுழற்சிக்குக் கொடுத்து, உள்ளே & போட்டு வேலைகளை அனுப்புவோம். சுழற்சிக்கு வெளியே வெயிட் போடுவோம். அது ஒரு நொடிகூட நிற்காமல் தாண்டிப் போகும். ஏன்? பேஷில் பைப்புக்குப் பின்னால் வரும் சுழற்சி ஒரு துணை ஷெல்லில் ஓடுகிறது. உள்ளே பிறந்த பிள்ளைகள் அந்தத் துணை ஷெல்லின் பிள்ளைகள், உங்களுக்குப் பேரப்பிள்ளைகள். அவர்களைப் பற்றி உங்கள் ஷெல்லுக்குத் தெரியாது. உள்ளே சேர்த்து வைத்த எண் பட்டியலும் சுழற்சி முடிந்ததும் காலியாகிவிடும். பைப்பை விட்டுவிட்டு, பட்டியலை ஒரு கோப்பாக்கி, சுழற்சியின் கடைசியில் < குறியால் அந்தக் கோப்பைக் கொடுத்தால் போதும்.

நான்காவது, ‘பிழை வந்தால் நில்’ என்ற செட் -இ அமைப்பை நம்புவது. பின்னணியில் தோற்கும் வேலை அதைத் தூண்டாது. எண் கொடுத்து வெயிட் அடிக்கும்போதுதான் தூண்டும். அப்போதும் ஒரு சிக்கல்: முதல் தோல்வியிலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும், மற்றவர்களின் முடிவைக் கேட்கவே மாட்டீர்கள். வெயிட்டை ஓர் இஃப்புக்குள் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஐந்தாவது, கில் -0 போட்டு ‘இன்னும் ஓடுதா?’ என்று பார்ப்பது. வாசலில் நிற்கும் ஜோம்பிக்கும் அது ‘ஆமாம், இருக்கு’ என்றே சொல்லும். போதாததற்கு, லினக்ஸில் புராசஸ் எண்கள் ஒரு எல்லை வந்ததும் திரும்ப முதலிலிருந்து பயன்படும். அந்த எல்லை பல காலம் 32,768 ஆக இருந்தது. ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால், நீங்கள் விசாரிக்கும் எண் இப்போது வேறு யாரோ ஒருவருடையதாக இருக்கலாம்.

ஆறாவது, ஜாப்ஸ் கட்டளையை ஸ்கிரிப்டில் அலசுவது. திரை முன்னால் இருக்கும்போது அது அருமையான கருவி. முடிந்த வேலையை அது ஒருமுறை காட்டிவிட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அடுத்த முறை பார்த்தால் காணோம். அது எழுதும் சொற்களும் மனிதர் படிப்பதற்கானவை. ஸ்கிரிப்டுக்கு $!-ம் வெயிட்டும்தான் சரி.

ஏழாவது, இடையில் வரும் சிக்னல். டிராப் அமைத்திருக்கும் ஒரு சிக்னல் ஷெல்லுக்கு வந்தால், வெயிட் உடனே 128-க்கு மேற்பட்ட எண்ணோடு திரும்பிவிடும். பிள்ளை செத்த மாதிரியே தெரியும். ஆனால் பிள்ளை இன்னும் கடையில்தான் இருக்கிறான். மறுபடி ஒருமுறை வெயிட் அடிக்கணும்.

எட்டாவது, யார் முதலில் முடித்தாலும் அடுத்ததை அனுப்ப ஆசைப்படுவது. இதற்கு வெயிட் -என் இருக்கிறது. 2014-ல் வந்த பேஷ் 4.3-இல் சேர்ந்தது. ஆனால் முடித்தவர் யார் என்று அது சொல்லாது. அதைச் சொல்லும் -பி வசதி 2020 டிசம்பரில் வந்த 5.1-இல்தான் சேர்ந்தது. மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்கணும்: அதோடு வரும் பேஷ் 3.2 தான், அதில் இரண்டுமே கிடையாது.

டெர்மினலை மூடினால், கரண்ட் போனால்

இதுவரை சொன்னதெல்லாம் தாய் ஷெல் உயிரோடு இருக்கும்வரைதான். ஊரில் உட்கார்ந்து செல்போன் இணையத்தில் ஒரு சர்வருக்குள் நுழைந்து வேலையை ஏவிவிட்டு, நடுவில் இணைப்பு அறுந்துபோன அனுபவம் எனக்கு நிறைய. நோஹப் போட்டிருந்தால் வேலை தொடரும். ஆனால் தாய் ஷெல் போய்விட்டது. பிள்ளையை கணினியின் முதல் புராசஸோ, அந்த வேலைக்கென்று நியமித்த வேறொன்றோ தத்தெடுத்துக்கொள்ளும். முடிவு எண் அவர்களிடம் போய்ச் சேரும். நீங்கள் மறுபடி உள்ளே நுழைந்து திறக்கும் புது ஷெல்லுக்கு அதைக் கேட்க உரிமை இல்லை.

ஆகவே நீண்ட வேலை என்றால், பிள்ளையே வெளியேறும் முன் தன் முடிவைச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகணும். கட்டளையையும், அதன் $?-ஐ ஒரு கோப்பில் எழுதும் வரியையும் ஒரே அடைப்புக்குள் வைத்து அந்த முழுத் தொகுப்பையும் பின்னணிக்கு அனுப்புங்கள். சீட்டில் 0 இருந்தால் வெற்றி. வேறு எண் இருந்தால் தோல்வி. சீட்டே இல்லை என்றால்? இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், கரண்ட் போய் நடுவில் செத்திருக்கலாம். இந்த மூன்றாவது நிலையை வெற்றிக் கணக்கிலும் தோல்விக் கணக்கிலும் சேர்க்காமல் தனியே வையுங்கள். நான் குறிப்பில் செய்த தப்பும் இதே இனம்தான். பக்கம் இல்லை என்பதை, தண்ணீர் இல்லை என்று படித்துவிட்டேன்.

இப்போது நான் எழுதும் முறை

1. ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கை, கணினியின் கோர் எண்ணிக்கையைத் தாண்டாது. என்ப்ராக் கட்டளை அதைச் சொல்லும். பெரிய படங்கள் என்றால் அதிலும் பாதி.

2. ஒவ்வொரு வேலையை அனுப்பியதும் அடுத்த வரியில் $!-ஐ எடுத்து, அது எந்தப் பக்கத்துக்கான வேலை என்ற பெயரோடு சேர்த்து வைக்கிறேன். வெறும் எண் மட்டும் இருந்தால், தோற்றது எந்தப் பக்கம் என்று பிறகு தெரியாது.

3. பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியே வெயிட். வரும் முடிவை உடனே மாறியில் வைக்கிறேன். இரண்டாம் தடவை கேட்டால் சில ஷெல்கள் பதில் சொல்லும், சில 127 என்று கைவிரிக்கும்.

4. வெளியீட்டை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிவு 0 என்றால் மட்டும் சரியான பெயருக்கு மாற்றுகிறேன். ஒரே வட்டுக்குள் பெயர் மாற்றுவது ஒரே அடியில் நடக்கும். அதனால் சரியான பெயரில் பாதிப் படம் உட்காரவே முடியாது.

5. கடைசியில் எண்ணிப் பார்க்கிறேன். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை. 612-க்கு 612. அப்புறம் இமேஜ்மேஜிக்கின் ஐடென்டிஃபை கட்டளையால் ஒவ்வொரு படமும் திறக்கிறதா என்று பார்க்கிறேன். எக்ஸிட் எண் 0 என்பது நிரல் தன்னைப் பற்றிச் சொல்லும் சான்றிதழ்தான். படத்தைத் திறந்து பார்ப்பது நம் சோதனை.

6. அழிக்கும் வரியை ஸ்கிரிப்டில் வைப்பதில்லை. கையால் அழிக்கிறேன், அதுவும் வேறொரு நாளில்.

இதையெல்லாம் ஷெல்லிலேயே எழுதச் சலிப்பாக இருந்தால், எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையின் -பி வசதி இருக்கிறது. அனுப்பிய வேலைகளில் ஏதாவது ஒன்று 1 முதல் 125-க்குள் ஏதோ எண்ணோடு தோற்றாலும் அது கடைசியில் 123 என்று திரும்பும். சிக்னலால் ஒன்று கொல்லப்பட்டால் 125 என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். க்னூ பேரலல் இன்னும் வசதி. ஜாப்லாக் என்ற அமைப்பைக் கொடுத்தால், ஒவ்வொரு வேலையும் எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் பிடித்தது, என்ன எண்ணோடு முடிந்தது, எந்தச் சிக்னலில் செத்தது என்று வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அன்றைக்கு இதைப் பயன்படுத்தியிருந்தால், 23 வரியும் 9-ம் சிக்னலும் கண்ணில் பட்டிருக்கும். பட்டிருக்கும் என்று சொன்னாலும், அந்தக் கோப்பையும் ஒருவர் திறந்து படிக்கணும் இல்லையா? லாக் கோப்பு அன்றைக்கும் இருந்தது.

திருத்தம்

பழைய குறிப்பில் அந்த வரியை நீக்கிவிட்டேன். ‘இந்தப் போகத்துக்கான பக்கங்கள் என்னிடம் இல்லை, என் கவனக்குறைவால் தொலைந்தவை’ என்று மாற்றியிருக்கிறேன். 23 பக்கங்களில் எந்தெந்த மாதங்கள் விடுபட்டிருக்கின்றன என்று, முன்னும் பின்னும் உள்ள தேதிகளை வைத்துத் தனிப் பட்டியல் போட்டுவிட்டேன். அதில் ஏழு பக்கங்கள் 1979-க்கு அடுத்த சில வருடங்களைச் சேர்ந்தவை. நான் முக்கியமாகத் தேடியதே அந்த வருடங்களைத்தான்.

போன மாதம் வீரபாண்டி போனபோது அந்தப் பட்டியலை அச்சடித்து எடுத்துப் போனேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மாதமாகப் பார்த்தார். எதுவும் திட்டவில்லை. அண்ணன் மகளிடம் ஒரு புது நோட்டு எடுத்துவரச் சொன்னார். ஞாபகம் இருந்தவற்றைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சில இடத்தில் ‘இது சரியா நெனவில்ல, எழுதாத’ என்றார். அந்த இடங்களை அவள் காலியாகவே விட்டிருக்கிறாள்.

அந்த நோட்டையும் படம் எடுத்துக்கொண்டேன், மொத்தம் ஒன்பது பக்கம். எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்பதும் இருக்கிறது. நோட்டை மட்டும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.